புதிய கடல்நீர்த் தொட்டி கலங்கி நிற்கிறதா? தண்ணீரைக் கொட்டும் முன் ஒரு டம்ளர் மொண்டு பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கிற மற்றவர்களுக்கும் புரியும். சேலம் அம்மாபேட்டையில் வீடு. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் தொட்டி. 20 கிலோ அரகோனைட் மணல், ட்ரை ராக் (காய்ந்த பாறை), பாதி கேன் தண்ணீர், பாதி வீட்டு போர் தண்ணீர். உப்பைத் தொட்டியிலேயே போட்டுக் கரைத்தீர்கள். அன்றைக்கே பால் மாதிரி ஆனது. மூன்றாம் நாள் தெளிந்து பின்பக்கக் கண்ணாடி தெரிந்தது. சைக்கிள் (அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா தொட்டியில் வளர்ந்து நிலைப்பது) ஆரம்பிக்கட்டும் என்று ஒரு பச்சை இறாலையும் பாட்டில் பாக்டீரியாவையும் போட்டீர்கள். பிஎச் 7.8 காட்டியதால் பிஎச்சை ஏற்றக் கடையில் கொடுத்த பஃபர் பொடியும் போட்டீர்கள். ஆறாம் நாள் மறுபடி வெளுத்தது, எட்டாம் நாளான இன்றும் அப்படியே நிற்கிறது. எல்லாத் தண்ணீரையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கட்டுமா, இல்லை கடைக்காரர் சொன்ன மாதிரி கிளாரிஃபையர் (தண்ணீரைத் தெளியவைக்கும் மருந்து) ஊற்றி, ரெண்டு டாம்செல் மீன் விட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்கிறீர்கள்.

கொட்ட வேண்டாம். கிளாரிஃபையர் வேண்டாம். டாம்செல் வேண்டவே வேண்டாம். உங்கள் தொட்டியில் ஒன்றன்பின் ஒன்றாக வேறு வேறு கலங்கல்கள் வந்திருக்கின்றன. முதல் நாள் வந்ததும் ஆறாம் நாள் வந்ததும் ஒன்றல்ல. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு எருவாகிவிடும். அதனால் எதையும் ஊற்றுவதற்கு முன்னால் இப்போது நிற்பது எது என்று பார்த்துவிடுங்கள். அதற்கு டெஸ்ட் கிட் தேவையில்லை.

எவர்சில்வர் டம்ளர் உதவாது, கண்ணாடி டம்ளர் எடுங்கள். தொட்டியின் நடு ஆழத்திலிருந்து தண்ணீர் மொண்டு மேஜையில் வையுங்கள். பின்னால் ஒரு கறுப்புத் துணியை நிறுத்தி, அறை விளக்கை அணைத்துவிட்டு, மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் அடியுங்கள். ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் அடியிலிருந்து மேலாகத் தெளிந்துகொண்டே போனால் அது வெறும் காற்றுக் குமிழி. புது ஸ்கிம்மர் (நுரையால் அழுக்கைப் பிரிக்கும் கருவி) பழகும் வரை நுண்குமிழிகளைத் தள்ளும், இல்லாவிட்டால் பம்ப்புக்குப் போகும் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது. அப்படித் தெளியாவிட்டால் டம்ளரை அசைக்காமல் ராத்திரி முழுக்க விடுங்கள். மேலிருந்து கீழாகத் தெளிந்து, விடிந்ததும் அடியில் மெல்லிய மாவு படிந்திருந்தால் அது தூசி அல்லது சுண்ணாம்பு. காலையிலும் மேலிருந்து அடிவரை ஒரே சீராக, அரிசி களைந்த தண்ணீர் போல மங்கலாகவே இருந்தால் பாக்டீரியா. பச்சை சாயல் தெரிந்தால் மிதக்கும் பாசி, ஆனால் முதல் வாரத்திலேயே அது வருவது அபூர்வம்.

இன்னொரு டம்ளரில் அதே தண்ணீரை எடுத்து ஒரு ஸ்பூன் வினிகர் விட்டுக் கலக்குங்கள். கண் முன்னாலேயே தெளிந்தால் அது கால்சியம் கார்பனேட். அரகோனைட் தூசியும் அதுதான், தண்ணீரிலிருந்து தானாகப் பிரிந்து விழும் சுண்ணாம்பும் அதுதான், வினிகர் இரண்டையும் கரைத்துவிடும். இரண்டில் எது என்பதற்கு ஹீட்டரைத் தொட்டுப் பாருங்கள். சொரசொரவென்று வெள்ளையாக ஒட்டியிருந்தால், பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லரிலும் அதே வெள்ளை இருந்தால், தண்ணீரில் சுண்ணாம்பு பிரிந்திருக்கிறது. வினிகர் விட்டும் கலங்கல் மாறவில்லை என்றால் பாக்டீரியா, இல்லாவிட்டால் உங்களுக்கு அரகோனைட் என்று விற்ற மணல் அரகோனைட்டே இல்லை.

கடைசியாகச் சொன்னது நம் ஊரில் கொஞ்சம் கவனிக்க வேண்டிய விஷயம். சேலத்தில் வெள்ளையாக, மலிவாக, மூட்டை மூட்டையாகக் கல் கிடைக்கும். கருப்பூர்ப் பக்கம் தோண்டுகிற வெள்ளைக்கல் மேக்னசைட், குவார்ட்ஸ் பொடியும் தாராளம். நல்ல வெள்ளையாகப் பார்க்க அழகாக இருக்கும், கடல் தொட்டிக்கு அது ஆகாது. சந்தேகம் இருந்தால் ஒரு சிட்டிகை மணலைக் கிண்ணத்தில் போட்டு வினிகர் ஊற்றுங்கள். அரகோனைட் உடனே நுரைக்கும். குவார்ட்ஸ் அசையாது. மேக்னசைட்டும் கார்பனேட்தான், ஆனாலும் குளிர்ந்த நீர்த்த அமிலத்தில் லேசில் நுரைக்காது. மணல் வாங்கும்போதே இதைக் கடையில் வைத்துச் செய்து பார்க்கலாம், நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, உங்கள் தொட்டிக்கு வருவோம். முதல் நாள் வந்தது கிட்டத்தட்ட நிச்சயமாக மணல் தூசி. எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் வரும், கழுவாமல் போட்டால் நிறைய வரும். கழுவும் முறை ஒன்றுதான் முக்கியம். ஒரு பக்கெட்டில் பாதிக்கு மேல் மணல் போடாதீர்கள், ஹோஸ் பைப்பை மணலுக்குள் அடிவரை செருகித் தண்ணீரைத் திறந்துவிட்டு, கையால் அடியிலிருந்து புரட்டிக்கொண்டே இருங்கள். வழிகிற தண்ணீரில் பக்கெட்டின் விளிம்பு தெளிவாகத் தெரிகிற வரைக்கும். இதற்கு போர் தண்ணீர் போதும், கடைசி அலசலுக்கு மட்டும் ஆர்ஓ தண்ணீர். லைவ் சாண்ட் என்று ஈரமாகப் பாக்கெட்டில் வருவதைக் கழுவக்கூடாது, அதில் இருக்கும் பாக்டீரியாவுக்காகத்தானே காசு கொடுக்கிறோம். தொட்டியில் நிரப்பும்போது மணல் மேல் ஒரு தட்டு வைத்து அதன் மேல் தண்ணீர் விழும்படி ஊற்றினால் பாதிக் கலங்கல் வராது.

தூசி வந்துவிட்டால் ஃபில்டர் பஞ்சுதான் மருந்து. ஒன்று முதல் மூன்று நாளில் அடங்கிவிடும். பஞ்சைத் தினமும் மாற்றுங்கள், வேவ் மேக்கரை (தண்ணீரில் அலை எழுப்பும் பம்ப்) மணலை நோக்கித் திருப்பாமல் மேல்பரப்பை நோக்கித் திருப்புங்கள், கையை உள்ளே விட்டு மணலைக் கிளறாதீர்கள். போகப்போக மணல் துகள்கள் மேல் பாக்டீரியாப் படலம் படர்ந்து நுண்தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிறகு கொஞ்சம் கிளறினாலும் முன்போலப் பறக்காது. உங்களுக்கு மூன்றாம் நாள் பின்பக்கக் கண்ணாடி தெரிந்தது இந்தத் தூசி அடங்கியதால்தான். அந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் தொட்டி தெளிந்தே இருந்திருக்கும்.

அப்புறம் வந்தது இறால். ஒரு முழு இறால் அழுகும்போது அம்மோனியா மட்டும் வருவதில்லை, புரதமும் கொழுப்பும் தண்ணீரில் கரைகின்றன. அதைத் தின்னும் பாக்டீரியாவும் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவும் வேறு வேறு இனம். முதல் இனம் தண்ணீரில் மிதந்துகொண்டே சில மணி நேரத்துக்கு ஒரு முறை இரட்டிக்கும். நமக்கு வேண்டிய இரண்டாவது இனம் கல்லிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு வளர்வது, இரட்டிக்க ஒரு நாளோ அதற்கு மேலோ எடுக்கும். இறாலைப் போட்ட இரண்டு மூன்று நாளில் தண்ணீர் வெளுத்ததற்குக் காரணம் இந்த முதல் இனம்தான். ட்ரை ராக்கில் ஒட்டியிருந்த செத்த பாசி, காய்ந்த உயிரினங்கள் எல்லாம் அதற்கு மேலும் தீனி. நம் ஊர் வெயிலில் தொட்டி 30 டிகிரியைத் தாண்டினால் இந்த வளர்ச்சி இன்னும் வேகம் பிடிக்கும்.

இப்போது தண்ணீரைக் கொட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மிதக்கும் பாக்டீரியாவில் முக்கால்வாசி போகும். தீனி கல்லுக்குள்ளும் மணலுக்குள்ளும் அப்படியே இருக்கும். மிச்சமிருக்கும் பாக்டீரியா இரண்டு முறை இரட்டித்தால் பழைய கணக்கு வந்துவிடும், அதற்கு ஒரு நாள்கூட ஆகாது. போதாததற்கு, நிரப்பும்போது மணல் கிளம்பி முதல் நாள் கலங்கலும் கூடச் சேரும். இதைச் செய்து வெறுத்துப்போய்த் தொட்டியை விற்றவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருந்தால் இன்றைக்கு மீன் வளர்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

மூன்றாவது, பஃபர் பொடி. பிஎச் 7.8 என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஜன்னலை எல்லாம் சாத்தி ஏசி போட்ட அறையில் நாலு பேர் உட்கார்ந்து மூச்சுவிட்டால் காற்றில் கார்பன் டை ஆக்சைடு ஏறும், அது தண்ணீரிலும் கரையும், பிஎச் இறங்கும். பாக்டீரியா பெருகினாலும் அதே கதை, அவையும் அதைத்தான் வெளிவிடுகின்றன. ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய் ஏர் பம்ப்பை ஒரு மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். 8.1, 8.2 என்று ஏறினால் குறை அறைக் காற்றில் இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் போதும். அதற்குப் பஃபர் போட்டால் கேஎச் (தண்ணீரில் கரைந்த கார்பனேட்டின் அளவு) தேவையில்லாமல் ஏறும். கடல் தண்ணீரில் இயல்பாகவே கால்சியம் கார்பனேட் தாங்கக்கூடிய அளவுக்கு மேலேதான் கரைந்து இருக்கிறது. அது பிரியாமல் நிற்பதற்குக் காரணங்களில் ஒன்று லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் அளவில் கூடவே இருக்கும் மெக்னீசியம். ஒரே இடத்தில் பொடியைக் கொட்டினால் அந்த இடத்தில் பிஎச் எகிறி, சுண்ணாம்பு வெள்ளையாகப் பிரிந்து தண்ணீர் முழுக்கப் பரவும், சூடான ஹீட்டர் மேல் முதலில் ஒட்டும். உங்கள் தண்ணீரில் பாதி போர் தண்ணீர் வேறு, அது ஏற்கெனவே கடினநீர். குளியலறை பக்கெட்டில் வெள்ளைக் கறை பிடிக்கிறது அல்லவா, அதே உப்புகள்தான் கடல் உப்போடு சேர்ந்து உங்கள் கேஎச்சைத் தூக்கியிருக்கும். கேஎச் மட்டும் இன்று அளந்து பாருங்கள். 8, 9 இருந்தால் நல்லது. 11, 12 என்றாலும் எதையும் போட்டு இறக்க வேண்டாம், அதுவாக இறங்கிவரும். பஃபர் டப்பாவை மூடி எடுத்து வைத்துவிடுங்கள்.

ஆக, ராத்திரி டம்ளர் சோதனையில் பெரும்பாலும் சீரான மங்கலும் அடியில் லேசான மாவும் சேர்ந்தே தெரியும் என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால் செய்ய வேண்டியது இது. இறாலை எடுத்து எறியுங்கள், அது கரைந்து போயிருந்தால் மிச்சத்தைச் சின்ன ட்யூபால் உறிஞ்சி எடுங்கள். பாட்டில் பாக்டீரியா இனி ஒரு சொட்டு வேண்டாம். விளக்கை அணைத்து வையுங்கள், மீனும் பவளமும் இல்லாத தொட்டிக்கு வெளிச்சம் எதற்கு. ஸ்கிம்மர் இருந்தால் முழு வேகத்தில் ஓடட்டும், கப்பில் சேருவது தண்ணியாக வந்தாலும் பரவாயில்லை. இல்லாவிட்டால் ஒரு ஏர் பம்ப்பும் ஏர் ஸ்டோனும் போதும். பஞ்சைத் தினமும் மாற்றுங்கள். யுவி விளக்கு வைத்திருக்கும் நண்பர் இருந்தால் கடன் வாங்கி மாட்டலாம், மிதக்கும் பாக்டீரியாவை அது வேகமாகக் குறைக்கும், கல்லில் ஒட்டியிருப்பதைத் தொடாது. எதுவும் கிடைக்காவிட்டாலும் தீனி தீர்ந்ததும் சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தானாகவே தெளிந்துவிடும்.

தெளிய நாளாவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், ஆக்சிஜனைப் பற்றிக் கவலைப்படுங்கள். பாக்டீரியாக் கலங்கலில் மீன் செத்தால் பெரும்பாலும் மூச்சுத் திணறித்தான் சாகும். நன்னீரைவிடக் கடல்நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும், 25 டிகிரியில் நன்னீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் என்றால் கடல்நீரில் 7-க்குச் சற்றுக் கீழே. சூடு ஏற ஏற இன்னும் குறையும். சேலத்தில் சித்திரை வைகாசியில் வெளியே 39, 40 டிகிரி அடிக்கும்போது, ஃபேன் கூட இல்லாத அறையில் இருக்கும் தொட்டியில் மீனுக்கு மிச்சமாவது கொஞ்சம்தான், அதிலும் கோடிக்கணக்கான பாக்டீரியா பங்கு கேட்கும். அதனால்தான் டாம்செல் வேண்டாம் என்றேன். "டெஸ்ட் மீன்" என்று சொல்லி விற்கிறார்கள், அதுவும் உயிர்தான். பிழைத்துவிட்டாலும் தொல்லை தீராது. டாம்செல் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வரும் சாதுவான மீன்களை விரட்டிக் கடிக்கும், நாலடித் தொட்டியில் அடுக்கிய கல்லைக் கலைக்காமல் அதைப் பிடித்து வெளியே எடுக்க முடியாது.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணியிலிருந்து மாலை வரை கரண்ட் நிறுத்துவார்கள் அல்லவா, உங்கள் ஏரியா நாள் எது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மீன் இருக்கும் தொட்டி கலங்கி நிற்கும்போது அந்த நாள் வந்தால் ஆபத்து. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள், இன்வெர்ட்டரில் வேவ் மேக்கர் ஒன்றை மட்டும் இணைத்தாலும் போதும். ஹீட்டரை இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள்.

கிளாரிஃபையரைப் பற்றி ஒரு வார்த்தை. நுண்தூசியைக் கட்டி கட்டியாகச் சேர்த்துப் பஞ்சில் சிக்கவைப்பதுதான் அதன் வேலை. முதல் நாள் கலங்கலுக்குக் கொஞ்சம் உதவியிருக்கும், இப்போதைய பாக்டீரியாவுக்கு அதை நம்ப முடியாது, ஸ்கிம்மர் ஓடும் தொட்டியில் ஊற்றினால் நுரை பொங்கித் தரையெல்லாம் உப்புத் தண்ணீராகும். வீட்டில் பெரியவர்கள் படிகாரம் போடச் சொல்லியிருப்பார்கள், சிலர் தேற்றாங்கொட்டையை உரசிவிடச் சொல்வார்கள். மழைக்காலத்துக் குடிநீருக்கு இரண்டும் காலகாலமாக நல்ல வழிதான். கடல் தொட்டிக்கு இரண்டும் வேண்டாம். படிகாரம் கேஎச்சைத் தின்று பிஎச்சை இறக்கும், அலுமினியத்தைத் தண்ணீரில் விடும், பின்னால் பவளம் வளர்க்க நினைத்தால் அது பிரச்சினை. தேற்றாங்கொட்டையில் வேலை செய்வது அதன் புரதமும் மாவுச்சத்தும் சார்ந்த பொருள்கள். அவை மிஞ்சினால் அழுகி அதே பாக்டீரியாவுக்குத் தீனியாகும்.

தண்ணீர் விஷயத்தில்தான் நீங்கள் பின்னால் மாற்ற வேண்டியது இருக்கிறது. மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல், ஆனால் குளோரின் இருக்கும், புதுவெள்ளம் வரும் மாதங்களில் குழாயிலேயே செம்மண் சாயல் தெரியும். குளோரினுக்கு ஆன்டி குளோரின் சொட்டு போதும், கரைந்த சிலிகேட்டுக்கும் பாஸ்பேட்டுக்கும் அது போதாது. போர் தண்ணீரை மணல் கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சேலத்தைச் சுற்றி டிடிஎஸ் (கரைந்த உப்புகளின் மொத்த அளவு) ஆயிரத்தைத் தாண்டும் போர்கள் இருக்கின்றன. கேன் தண்ணீர் என்றால் எல்லாம் ஒன்றல்ல, ருசிக்காக மினரல் சேர்த்து விற்பதும் உண்டு. முந்நூறு நானூறு ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர் வாங்கி ஒவ்வொரு கேனையும் அளந்து பாருங்கள். வீட்டு ஆர்ஓ மெஷினாக இருந்தால் டிடிஎஸ் அட்ஜஸ்ட் செய்யும் திருகு ஒன்று உள்ளே இருக்கும், அது வெளித் தண்ணீரைக் கொஞ்சம் கலந்துவிடும். மெக்கானிக்கிடம் சொல்லி, மெம்பிரேனிலிருந்து நேராக ஒரு குழாய் எடுத்து, அதன் பின்னால் மிச்ச உப்புகளையும் பிடித்துக்கொள்ளும் டிஐ ரெசின் கார்ட்ரிட்ஜ் ஒன்று போட்டால் மீட்டர் பூஜ்யம் காட்டும். கடல் தொட்டி வைப்பவர் முதலில் காசு போட வேண்டிய இடம் இதுதான், விளக்கெல்லாம் அதற்குப் பிறகு.

சிலர் கடலூருக்கோ பாண்டிச்சேரிக்கோ காரில் போய் கேன் கேனாகக் கடல் தண்ணீர் கொண்டுவரலாமே என்பார்கள். கரையோரத் தண்ணீரில் மண்ணும் மிதவை உயிர்களும் நிறைய. மூடிய கேனில், வெயிலில், பல மணி நேரப் பயணத்தில் அந்த உயிர்கள் செத்து அழுகத் தொடங்கிவிடும், வீட்டில் ஊற்றிய மறுநாள் நாற்றத்தோடு கலங்கும். ஆற்று முகத்துவாரம் பக்கத்தில் எடுத்தால் உப்பின் அளவும் குறையும். கிளம்ப வேண்டாம்.

உப்புக் கரைப்பதைத் தொட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை, மீன் இல்லாத தொட்டியில் செய்தது பெரிய தவறில்லை, இனிமேல் செய்யாதீர்கள். உணவுத் தரத்தில் ஒரு டிரம், அதில் ஒரு பம்ப். முதலில் தண்ணீர், அது சுழலும்போது கொஞ்சம் கொஞ்சமாக உப்பு. உப்பைப் போட்டுவிட்டு அதன் மேல் தண்ணீர் ஊற்றினால் அடியில் அடர்த்தி எகிறிச் சுண்ணாம்பு பிரிந்துவிடும், அது மறுபடி லேசில் கரையாது. லிட்டருக்கு 36 முதல் 40 கிராம் வரை ஆகும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஆயிரத்துக்கு 35 வரும் வரை பாருங்கள். ஒரு ராத்திரி ஓடவிட்டு, டார்ச் அடித்தால் கண்ணாடி மாதிரித் தெரிகிற நிலைக்கு வந்த பிறகே தொட்டியில் விடுங்கள். ஆவியாகிக் குறைவதற்கு மட்டும் உப்பில்லாத ஆர்ஓ தண்ணீர், ஏனென்றால் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு அப்படியே இருக்கும். கோடையில் ஃபேன் வைத்துக் குளிர்வித்தால் உங்கள் அளவுத் தொட்டியில் தினமும் சில லிட்டர் குறையும், ரெண்டு நாள் விட்டாலே உப்பு ஏறிவிடும்.

ஏற்காட்டில் தொட்டி வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேட்பதுண்டு, அங்கே கணக்கு கொஞ்சம் வேறு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஆறில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவு, ஹீட்டர் போட்டு 25 டிகிரியில் வைத்த தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். குளிருக்காக ஜன்னலைச் சாத்தி வைப்பதால் பிஎச்சும் இறங்கித் தெரியும். அங்கே தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் தேவைப்படாது, ஆனால் மேல்பரப்பு எப்போதும் அலையடித்துக்கொண்டே இருக்க வேண்டும், கலங்கல் வந்தால் ஏர் ஸ்டோன் ஒன்றுக்கு இரண்டு. மார்கழி இரவுகளில் ஹீட்டர் நின்றுபோனால் சேலத்தில் ஒருவேளை தப்பிக்கலாம், ஏற்காட்டில் விடிவதற்குள் தொட்டி ஆறிவிடும்.

தெளிந்த பிறகு நடக்கிற தவறைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். தண்ணீர் பளிச்சென்று ஆனதும் மீன் விடத் தோன்றும். கலங்கல் போனது என்றால் மிதக்கும் பாக்டீரியாவுக்குத் தீனி தீர்ந்தது என்று மட்டும் அர்த்தம், சைக்கிள் முடிந்தது என்று அர்த்தமில்லை. அம்மோனியா நைட்ரைட்டாகி, நைட்ரைட் நைட்ரேட்டாக மாறுகிற அளவுக்கு நுண்ணுயிர் வளர மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கும். கடல் தொட்டியின் பிஎச்சில் அம்மோனியா நன்னீரைவிட அதிக விஷம், சூடு கூடினால் இன்னும் அதிகம், கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. சொட்டு டெஸ்ட் கிட்டில் மஞ்சள் நிறம் வர வேண்டும், லேசான பச்சை தெரிந்தாலும் காத்திருங்கள். பகல் வெளிச்சத்தில் வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து நிறத்தைப் பாருங்கள், ட்யூப்லைட் வெளிச்சத்தில் மஞ்சளும் பச்சையும் ஏமாற்றும்.

இறாலை எடுத்துவிட்டால் அம்மோனியா எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். இதுவரை அழுகியதே கொஞ்ச நாளைக்குப் போதும். அளவு பூஜ்யத்துக்கு வந்த பிறகு, தூய்மையான ஆய்வகத் தர அம்மோனியம் குளோரைடை எடைபோட்டுப் போடலாம். உங்கள் தொட்டியில் மணலும் கல்லும் போக 200 லிட்டர் இருக்கும், அதற்கு ஒன்றேகால் கிராம் போட்டால் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அம்மோனியா வரும். இதில் புரதம் இல்லாததால் தண்ணீர் வெளுக்காது. பாத்திரத்துக்கு ஈயம் பூச விற்கும் நவச்சாரம் இதே பொருள்தான் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அதில் வேறு என்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. போட்ட 2 பிபிஎம் ஒரே நாளில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகிற நிலை வந்தால் தொட்டி தயார். அன்றைக்குத்தான் பெரிய அளவில் தண்ணீர் மாற்ற வேண்டும். பாதிக்கு மேலேயே மாற்றிவிடுங்கள், போர் தண்ணீரின் மிச்சமும் சேர்ந்த நைட்ரேட்டும் ஒன்றாகப் போய்விடும். வேண்டிய பாக்டீரியா கல்லிலும் மணலிலும் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. நடுவில் ஒரு வாரம் மணலும் கண்ணாடியும் பழுப்பாகும், அது டயாட்டம் என்ற நுண்பாசி, போர் தண்ணீர் சிலிகேட்டின் வேலை, தானாகப் போகும்.

மீன் வாங்கும்போது பண்ணையில் பொரித்த க்ளவுன் மீனை ஜோடியாகக் கேட்டு வாங்குங்கள். ராமேஸ்வரம் பக்கத்தில் மண்டபம் ஊரில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில் க்ளவுன் மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கிப் பல பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், நம் மாநிலத்திலேயே வளர்த்த மீன் கிடைக்கும்போது கடலில் வலைபோட்டுப் பிடித்தது எதற்கு. பண்ணை மீன் தொட்டிக்குப் பழகியது, உலர்தீனியும் தின்னும். கடலிலிருந்து எடுத்த பாறையை "ராமேஸ்வரம் லைவ் ராக்" என்று யாராவது ரகசியமாக விற்றால் தொடாதீர்கள். மன்னார் வளைகுடா 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அடங்கியவை. நீங்கள் போட்டிருக்கும் ட்ரை ராக்கே இரண்டு மூன்று மாதத்தில் உயிர்ப் பாறையாகிவிடும்.

இன்று ராத்திரி டம்ளரை வையுங்கள். காலையில் டம்ளரின் அடியில் என்ன தெரிந்தது, வினிகர் விட்டதற்கு என்ன ஆனது, கேஎச் எவ்வளவு, அம்மோனியா எவ்வளவு, கேனிலும் போரிலும் டிடிஎஸ் எவ்வளவு என்று எழுதி அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டு அம்மோனியம் குளோரைடு எப்போது போடலாம் என்று சொல்கிறேன்.